எல்லாம் தெரிந்த பந்து

இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய பெரிய சிரிப்பு, ஆனால் அதை இப்போதே கொடுப்பதற்கில்லை. மூணாங்கேட்டில் எண்ணூறு பேர் அந்தச் சிரிப்பை வாய் நிறையத் தண்ணீர் மாதிரி அடக்கிக்கொண்டு மாதக்கணக்கில் நடமாடினார்கள், ரேஷன் கடையில் வரிசையில் நின்றார்கள், கல்யாணத்தில் பந்தி பரிமாறினார்கள், ஒரு துக்க வீட்டுக்குக்கூடப் போய்வந்தார்கள், ஒருவரும் துப்பவில்லை. கேட்கிறவர்களும் அதே மாதிரி கொஞ்சம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அதுவரைக்கும் துரைக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், பார்க்கத் தகுந்த மனிதர்தான்.

துரைக்கண்ணுவுக்கு ஐம்பத்தெட்டு வயது, வடசென்னையில் ரயில் பாதையை ஒட்டிய மூணாங்கேட்டில் ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் வெல்டிங் வைக்கிற பட்டறை, மனைவி கஸ்தூரி, ஒரே மகள் மேகலா, இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதெல்லாம் அபிப்பிராயம். மூணாங்கேட் மார்னிங் ஸ்டார் என்கிற மஞ்சள் சட்டைக் கால்பந்து அணி, மூன்றாவது டிவிஷனில் கடைசி இடத்தைத் தாத்தா சொத்து மாதிரி காப்பாற்றிக்கொண்டிருந்த அணி, அது ஆடுகிற ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நடுக்கோட்டுக்கு நேரே தானே நட்டுவைத்த இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த அபிப்பிராயங்களை இருபத்தாறு வருடமாக மைதானத்துக்குள் எறிந்துகொண்டிருந்தார். அரசியல் வேறு, ஆட்டம் வேறு என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கூட்டணி என்றால் அவருக்கு நடுக்களம்: ஆளாளுக்குப் பந்தைக் கேட்பான், எவனும் பின்னால் ஓடிவர மாட்டான். எதிர்க்கட்சி என்றால் கோலை விட்டுவிட்டு ரெஃப்ரியைப் பார்த்துக் கை தூக்குகிற கோல்கீப்பர். மந்திரிசபை மாற்றம் என்றால் ஐந்து கோல் வாங்கிய பிறகு ஜெர்சி நம்பரை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவது. மழைநீர் வடிகாலுக்கென்று மூன்று வருடமாகத் தெருவைத் தோண்டுகிறவர்களையும், மூன்று வருடமாக ஒரு கார்னரைக்கூட ஒழுங்காக அடிக்காத மார்னிங் ஸ்டாரையும் ஒரே மூச்சில் திட்ட அவரால் முடியும். பேச்சு எந்த இடத்தில் வடிகாலை விட்டு ஏறிக் கார்னருக்குள் நுழைந்தது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

மூணாங்கேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மைதானத்தின் சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே எந்த உறவும் செல்லாது. முன்பொரு காலத்தில் ஒரு டிஃபண்டர், பந்தோடு எதிரே வந்தவர் தன் தாய்மாமன் என்பதால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட, அதில் ஒரு கோப்பையே போய்விட்டது. அன்றைக்கு எல்லோரும் கூடி, விசில் முதல் விசில் வரை மாமனும் இல்லை மச்சானும் இல்லை, கோட்டுக்குள் நிற்பவன் வெறும் ஆள், அவனை யாரும் எதுவும் சொல்லலாம், ஆட்டம் முடிந்து குழாயடியில் கால் கழுவும்போது அதையும் சேர்த்துக் கழுவிவிட வேண்டும் என்று முடிவுசெய்தார்கள். இந்த வழக்கத்தை முழுசாக அனுபவித்தவர் துரைக்கண்ணுதான், ஏனென்றால் மார்னிங் ஸ்டாரின் சென்டர் ஃபார்வர்ட் ஜெயசீலன் அவருடைய மருமகன். தெருவில் பார்த்தால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வாங்க மாப்ள, சாப்ட்டீங்களா மாப்ள, குழந்தைக்கு ஜுரம் விட்டுச்சா மாப்ள என்று ஒவ்வொரு வார்த்தையையும் வெல்வெட்டில் பொதிந்து கொடுப்பார். விசில் ஊதியதும் அதே வாய், டேய் சீலா, கால்ல இன்னா சிமெண்ட்டா ஊத்தி வச்சிக்கிற என்று ஆரம்பித்து, சீலனின் இடது கால், வலது கால், அவன் படித்த பள்ளிக்கூடம், அவனைத் தேர்ந்தெடுத்த கோச், கோச்சைத் தேர்ந்தெடுத்த கமிட்டி, கமிட்டியைத் திறந்துவைத்த எம்எல்ஏ என்று மேலே ஏறி டெல்லி வரைக்கும் போய்த்தான் இறங்கும்.

சீலன் குழாயடியில் கால் கழுவினான், முகம் கழுவினான், காதை மட்டும் கழுவ முடியவில்லை. பதினோரு ஆட்டமாக அவன் ஒரு கோல் போடவில்லை. அடிப்பதற்குக் கால் தூக்கும்போதெல்லாம் அந்தக் குரல் வருவதற்காக அரை நொடி தானாக நின்றுவிடும், அந்த அரை நொடியில் கோல்கீப்பர் வந்து சேர்ந்துவிடுவான். இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், மேகலாவுக்குத் தெரியும், சொல்லத்தான் வழியில்லை. மாமனாரிடம் போய் நீங்க கத்தாதீங்க என்று சொல்வதற்கு எந்த வீட்டு மருமகனுக்கு வாய் வரும். அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர்ப் பக்கத்து மில் அணி ஒன்று சீலனைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதியது: வேலை உண்டு, குவார்ட்டர்ஸ் உண்டு, சித்திரை முடிவதற்குள் குடும்பத்தோடு வந்து சேர வேண்டும். சீலன் சரி என்றான். சேதியைக் கஸ்தூரி சொன்னபோது துரைக்கண்ணு, நல்ல வேலை, போகட்டும், முன்னுக்கு வரவேண்டிய பிள்ளை என்று சொல்லிவிட்டு, ஒரு கதவுக்கு இரண்டு கீல் போதும் என்கிற இடத்தில் ஐந்து கீல் வைத்து வெல்டு அடித்தார். மேகலா போனால் எட்டு மாதப் பேத்தியும் போவாள். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன் மருமகனைப் பார்த்து இங்கேயே இருங்கள் என்று கேட்பதா, அது வீட்டோடு மாப்பிள்ளையாக வா என்று கூப்பிடுவது போல ஆகிவிடாதா. ஆக, ஏன் போகிறேன் என்று மருமகனால் சொல்ல முடியாது, போகாதே என்று மாமனாரால் சொல்ல முடியாது, இரண்டு பூட்டு, சாவி எங்கேயும் இல்லை.

காணும் பொங்கல் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் இருபதாவது நிமிடம், மார்னிங் ஸ்டாரின் லெஃப்ட் பேக் பந்தை ஓங்கி உதைக்க, பந்து மேலே போகிற வழியில் பேசியது. எங்கடா அனுப்புற, அங்க எவன் கீறான், தேர்தல் வாக்குறுதி மாதிரி ஆகாசத்துல வுடுறியே என்று சொல்லிவிட்டு, இறங்கி, ஒரு தரம் குதித்து, கோட்டைத் தாண்டி வெளியே போனது. லெஃப்ட் பேக் சரி என்று தலையாட்டினான். த்ரோ எறிய வந்தவன் பந்தைச் சட்டையில் துடைத்து எறிந்தான். பந்து போகிற போக்கில் அவனுடைய கைவாகைப் பற்றியும், பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோனவர்களைப் பற்றியும் சில வார்த்தைகள் சொன்னது. ஆட்டம் நடந்து, மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்று முடிந்தது.

அடுத்த வாரம் லீக் ஆபீஸிலிருந்து மூன்று பேர் டேப்பும் தராசும் காற்றழுத்தம் பார்க்கும் கருவியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். பந்தின் சுற்றளவு சரியாக இருந்தது, எடை சரியாக இருந்தது, காற்று சரியாக இருந்தது, அளக்கும்போது பந்து அவர்களுடைய டேப்பின் தரத்தைக் குறைசொன்னதைத் தவிர வேறு குற்றம் எதுவும் காணப்படவில்லை. ஆகவே, மேற்படி பந்தானது விதிகளின்படி ஆட்டத்துக்குத் தகுதியுடையது என்றும், பந்து பேசலாகாது என விதிப்புத்தகத்தில் எவ்விடத்தும் குறிப்பிடப்படவில்லை என்றும், இருப்பினும் முன்னெச்சரிக்கையாக வேறு பந்தை உபயோகிக்குமாறும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வேறு பந்து வந்தது. புத்தம் புதுசு, பையிலிருந்து எடுத்தபோது அந்த ரப்பர் வாசனைகூடப் போகவில்லை. ஏழாவது நிமிடத்தில் அது, பழைய பந்து எந்த இடத்தில் விட்டிருந்ததோ அந்த இடத்திலிருந்து, அதான் சொல்லிகினு இருந்தேன் என்று தொடர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை. வெளியூர் அணிகள் முதலில் முறையிட்டன, பிறகு பந்து இரண்டு பக்கத்தையும் ஒரே அளவில்தான் திட்டுகிறது என்று கணக்குப் பார்த்துச் சமாதானம் ஆயின. தங்கள் பெயரையும் ஒரு தரம் சொல்லச்சொல்லி ஆட்டத்துக்கு முன்பே பந்தின் காதில், அதாவது காற்றடிக்கும் துளைப் பக்கம், சொல்லிவைக்கிற ஆட்டக்காரர்களும் வந்தார்கள்.

பந்து பேசியது ஒரு சேதி. அது யார் குரலில் பேசியது என்பதுதான் சேதிக்குள் இருந்த சேதி. இரும்பை அரம் போட்டுத் தேய்க்கிற அந்தக் கரகரப்பு, திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கனைப்பு, வாக்கியம் முடியும் இடத்தில் மூக்கால் ஒரு இழுப்பு, எல்லாம் துரைக்கண்ணு. முதல் நாளே எண்ணூறு தலையும் இரும்புக் குழாய்ப் பக்கம் திரும்பியது. அங்கே துரைக்கண்ணு வாயை மூடிக்கொண்டு, ஒரு புருவத்தைத் தூக்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற டீக்கடை பாபு பாயைப் பார்த்து, இது யாரு பாய், ஆட்டம் தெரிஞ்ச ஆளாட்டம் கீது, ஆனா கொரலு மட்டும் தொண்ட கட்டின ஆடு மாதிரி கீதுல்ல என்று கேட்டார்.

பாபு பாய் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தார். சாயங்காலம் டீ ஊற்றும்போதுதான், இவர் வேடிக்கை பேசவில்லை, இவருக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று அவருக்கு உறைத்தது, உறைத்ததும் இரண்டு டம்ளர் நிறைந்து வழிந்தது. யோசித்தால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவரவர் குரல் அவரவருக்கு மண்டைக்குள்ளே இருந்துதான் கேட்கிறது, உள்ளே இருக்கிறவனுக்கு அது கோயில் மணி, வெளியே நிற்பவனுக்குத்தான் அது தகரம். துரைக்கண்ணு ஐம்பத்தெட்டு வருடமாக மணியைக் கேட்டுக்கொண்டிருந்தவர், தகரத்தை அவர் சந்தித்ததே இல்லை. வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டித்தான் மைதானம் என்பதால், அடுப்படியில் இருந்த கஸ்தூரி முதல் இரண்டு வாரம் பந்துக்கு, தோ வரேன், ஏன் கத்துற என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் விஷயம் தெரிந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் சொல்லியிருக்கலாம், இரண்டாவது வாரம் சொன்னால் ஏன் முதல் வாரமே சொல்லவில்லை என்று கேட்பார், மூன்றாவது வாரத்துக்கு மேல் அதைச் சொல்வதற்கான வாயே மூணாங்கேட்டில் இல்லாமல் போய்விட்டது. பந்துக்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார்கள். பெரியவர் இன்னிக்கு இன்னா சொன்னாரு என்று துரைக்கண்ணுவிடமே கேட்டார்கள். அவரும் விவரமாகச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் வார்டு கவுன்சிலருக்கு இடைத்தேர்தல் வந்தது. வாக்காளப் பெருங்குடி மக்களே, என் உயிரினும் மேலான தாய்மார்களே என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்த ஆளுங்கட்சி வேட்பாளர், நேரே மைதானத்துக்கு வந்து பந்துக்குப் பொன்னாடை போர்த்தினார். உருண்டையில் பொன்னாடை நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்ததால், கடைசியில் பானைக்கு அடியில் வைக்கிற ஒரு பிரிமணையைக் கொண்டுவந்து வைத்து, அதன்மேல் பெரியவரை உட்காரவைத்துப் போர்த்தி, போட்டோ எடுத்தார்கள். கேலரி கட்டித் தருவேன், விளக்குப் போட்டுத் தருவேன் என்று அவர் அடுக்க, பந்து பொன்னாடைக்குள்ளே இருந்து, போன தடவ நீ சொன்ன, அதுக்கு முந்தின தடவ உங்க அப்பா சொன்னாரு, விளக்கு வாணாம், தோண்டின பள்ளத்த மூடு என்றது. எதிர்க்கட்சி வேட்பாளர் மறுநாள் சந்தோஷமாக வந்தார். அவரைப் பார்த்து, ரெண்டு வருசமா ஆப்சைடுல நின்னுகினு பாஸ் வரலன்னு அழுவுற என்றது. அவர் போய்ப் புகார் கொடுக்க, தேர்தல் அலுவலர் வந்து, வாக்குச்சாவடியிலிருந்து நூறு மீட்டருக்குள் பந்து பிரச்சாரம் செய்யக்கூடாது என்றும், வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத காரணத்தால் பந்தின் மீது வேறு நடவடிக்கைக்கு இடமில்லை என்றும் ஒரு நோட்டீஸைக் கோல் கம்பத்தில் ஒட்டிவிட்டுப் போனார். பெண்கள் சண்டைக்காரப் புருஷன்மார்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துவந்து பந்துக்கு முன்னால் நிறுத்தினார்கள். தண்ணீர் லாரி நேரத்துக்கு வந்தது, ஏனென்றால் டிரைவர் பெயரைப் பந்து ஒரு தரம் சொல்லியிருந்தது.

எல்லோருக்கும் பந்து வசதியாகத்தான் இருந்தது, துரைக்கண்ணு ஒருவருக்குத்தான் இல்லை. முதலில் அவருக்கும் சந்தோஷம்தான், விவரம் தெரிந்த ஒரு துணை கிடைத்ததே என்று. ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறப்பதற்குள் பந்து அதே வார்த்தையைச் சொல்லிவிடுகிறது. அவர் அடுத்ததற்குப் போனால் அது அங்கேயும் முன்னால் போய் நிற்கிறது. இருபத்தாறு வருடமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் இன்னொருத்தன் வாயில் போய்க்கொண்டிருக்க, இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிற நிலைமை வந்தது. சும்மா நிற்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அப்படி நின்றபோது, நிதானமாகக் கேட்கக் கேட்க, அவருக்கு ஒன்று தோன்றியது: இந்த ஆள் யாரைத்தான் நல்லதாகச் சொல்கிறான்?

மாசி கடைசியில் ஒரு நாள், வடிகால் வேலை இந்த ஜென்மத்தில் முடியாது என்று பந்து சொன்னபோது, துரைக்கண்ணு குழாயை விட்டு ஒரு அடி முன்னால் வந்து, கீழ முழுக்கப் பழைய பைப்பு, சட்டுன்னு தோண்ட முடியுமா, கொஞ்சம் டைம் ஆவத்தான் செய்யும் என்றார். டீக்கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. அடுத்த வாரம் எதிர்க்கட்சியைப் பந்து வாரியபோது, கேள்வி கேக்கவாவது நாலு பேர் வேணும் இல்ல என்றார். கோல்கீப்பரைச் சொன்னபோது, வெயில் நேரா கண்ணுல அடிக்குது என்றார். அவருடைய அபிப்பிராயங்களை எல்லாம் பந்து எடுத்துக்கொண்டதால், வேறு வழியில்லாமல் துரைக்கண்ணு ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கம் போய் நின்றார், போய் நின்ற இடத்தில் காற்று நன்றாக வந்தது. கஸ்தூரி குழம்பில் உப்பு ஏறிவிட்டது என்று பந்து சுவருக்கு மேலே கத்தியபோது, அவர் வீட்டுக்குள் போய் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

பங்குனியில் நடந்த ஆட்டத்தில் பந்து சீலனிடம் வந்தது. கோல் பதினைந்து அடி தூரம். பந்து அவன் காலுக்குக் கீழே இருந்துகொண்டே, இவன் எதுக்கு ஜெர்சி போட்டுகினு வரான், வேட்டி கட்டிகினு வந்து சேர் போட்டு உக்காரட்டும், இவனுக்குப் போயி பொண்ணக் கொடுத்தான் பாரு ஒருத்தன், அவன சொல்லணும் என்றது.  சீலன் கால் தூக்கியவன் வழக்கப்படி அரை நொடி நின்றான்.

"வாய மூடு," என்றார் துரைக்கண்ணு. "அந்தப் புள்ள காலைல அஞ்சு மணிக்கு எழுந்து கன்டெய்னர் யார்டுல வண்டி ஓட்டிட்டு வந்து ஆடுது. நீ உருண்டுகினு கீற. ஒரு நாளாவது ஓடிப் பாத்திருக்கியா? என் மருமவன சொல்றதுக்கு நீ யாரு?"

அந்த அரை நொடிக்குள் சீலனின் காதில் இருபத்தாறு வருடக் கரகரப்பில் இதுவரை கேட்காத ஒன்று போய் விழுந்தது. அவன் அடித்தான். வலை எப்படி ஆடும் என்பதே மறந்துபோயிருந்த மூணாங்கேட்காரர்கள், அது ஆடி நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கூச்சல் போட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்குள் நிற்பவனை என் மருமகன் என்று சொன்னது வழக்கத்துக்கு விரோதமா என்று அன்று குழாயடியில் நீண்ட நேரம் பேசினார்கள். மரியாதையைத்தான் தடுத்திருக்கிறது, பெருமையைத் தடுத்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் நான்கு ஆட்டத்தில் சீலன் ஐந்து கோல் போட்டான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பந்து அவனைத் திட்டியது, துரைக்கண்ணு பந்தைத் திட்டினார், நடுவில் அவன் அடித்தான். அப்படியும் ரயில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. சித்திரையின் கடைசி வாரம், வியாழக்கிழமை. மேகலா பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள், பேத்தி அந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள், துரைக்கண்ணு மகள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். ஜெயித்தால் மூன்றாவது டிவிஷனில் நிற்கலாம், சமன் செய்தாலும் போச்சு. ஒன்றுக்கு ஒன்று என்று நின்றுகொண்டிருந்தபோது, முடிவதற்கு ஒரு நிமிடம் இருக்கையில், மார்னிங் ஸ்டாருக்குப் பெனால்டி கிடைத்தது. அந்தப் பந்து பிறகு வலைக்குள் போனது, அதை இப்போதே சொல்லிவிடலாம், ஏனென்றால் மூணாங்கேட்டில் அந்தக் கோலைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசுவதில்லை, அதற்கு முன்னால் நடந்ததைத்தான் பேசுகிறார்கள்.

சீலன் பந்தைப் புள்ளியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான். பந்து ஆரம்பித்தது. லெஃப்டுல அடிப்பான், இல்ல ரைட்டுல அடிப்பான், எங்க அடிச்சாலும் ரயில் பாதைக்குத்தான் போவும், இவன் கால நம்பறதும் கருத்துக்கணிப்ப நம்பறதும் ஒண்ணு என்று நிறுத்தாமல் போனது. துரைக்கண்ணு குழாயை விட்டார். கோட்டைத் தாண்டினார். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவர் உள்ளே கால் வைத்ததில்லை, புல் செருப்பில் ஒட்டிக்கொண்டது. ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஊதுவதா வேண்டாமா என்று யோசித்தார், பெரியவருக்கும் இவருக்கும் உள்ள விவகாரத்தில் லீக் தலையிடுவதில்லை என்பதால் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். துரைக்கண்ணு புள்ளிக்கு முன்னால் போய், குந்தி உட்கார்ந்து, பந்துக்கு நேரே முகத்தை வைத்தார்.

"போதும்," என்றார். "ஊர்ல ஒருத்தனையும் நீ வுட்டு வைக்கல. அவருக்கு வியாழக்கிழம ரயிலு. போற புள்ளய ஒரே ஒரு தடவ நிம்மதியா அடிக்க வுடு."

 காற்றடிக்கும் துளைப் பக்கமிருந்து மூச்சு வாங்குவது போல ஒன்று கேட்டது. பிறகு அது, மைதானத்தில் யாரும் கேட்டிராத அளவுக்குத் தணிந்துபோய், கரகரப்பெல்லாம் தண்ணீரில் நனைந்த மாதிரி, மெதுவாகச் சொன்னது.

"குழந்தைய தூக்கிகினு போயிட்டாங்கன்னா நான் யாரு கூட சண்ட போடுவேன். இருங்க மாப்ளன்னு ஒரு வார்த்த கேக்க வாய் வரலியே எனக்கு."

சீலன் ஓடிவருவதற்காகப் பின்னால் நின்றுகொண்டிருந்தவன். அவன் நடந்து முன்னால் வந்தான். மாமனாரை நிமிர்ந்து பார்க்கவில்லை, அவருக்குப் பக்கத்தில் தானும் குந்தி உட்கார்ந்தான், பந்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். மாமனாருக்குச் சொல்ல முடியாததைப் பந்துக்குச் சொல்வதில் எந்தத் தடையும் இல்லை.

"போவல," என்றான் பந்திடம். "எங்கயும் போவல. டிக்கெட்ட நாளைக்கே கேன்சல் பண்ணிடறேன். இத நீ மொதல்லயே கேட்டிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பேன்."

துரைக்கண்ணுவுக்கு முதலில் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டது, போகவில்லையாம், பேத்தி இங்கேதான் நடக்கப்போகிறாள், சாக்கை அவிழ்க்கச் சொல்ல வேண்டும் என்று. அது இறங்கி முடிந்த பிறகு, அதன் பின்னாலேயே மெதுவாக வேறொன்று வந்தது. பந்து சொன்ன அந்த வார்த்தை, போன செவ்வாய்க்கிழமை, பட்டறையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வெல்டிங் முகமூடிக்குள்ளே, பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாதபோது அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. முகமூடிக்கு வெளியே அது வரவே இல்லை. கஸ்தூரிக்குக்கூடத் தெரியாது. இதை உனக்கு எவன் சொன்னான் என்று பந்திடம் கேட்க வாயைத் திறந்தார், வழக்கமாகத் திட்டுவதற்கு முன்னால் வருகிற சின்னக் கனைப்பு வந்தது, அதே நேரம் சீலனின் உள்ளங்கைக்குக் கீழே இருந்தும் அதே கனைப்பு வந்தது, ஒரே அரம், ஒரே இரும்பு.

துரைக்கண்ணு வாயை மூடினார். கை தானாகத் தொண்டைக்குப் போனது. நிமிர்ந்து சுற்றிப் பார்த்தார். எண்ணூறு பேரும் வேறு வேலையில் இருந்தார்கள். பாபு பாய் காலி டம்ளர்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். லைன்ஸ்மேன் தன் கொடியின் தையலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ரெஃப்ரி ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆளுங்கட்சி வேட்பாளரும் எதிர்க்கட்சி வேட்பாளரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்சுவருக்கு மேலே கஸ்தூரியின் தலை தெரிந்தது, முந்தானையில் முக்கால்வாசி வாய்க்குள் இருந்தது, கண்ணில் தண்ணீர் கொட்ட, தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

துரைக்கண்ணு பந்தைப் பார்த்தார், பிறகு சீலனைப் பார்த்தார்.

"எத்தினி நாளா மாப்ள?"

"பொங்கல்லேர்ந்து மாமா."